மலை மறைவில் ஏறிய காற்று: காவேரிப்பட்டணம் பக்கத்துக் குன்றில் ஒரு பாராகிளைடிங் விபத்து – நிகழ்வு ஆய்வு

மார்ச் மாதப் பிற்பகல், மணி 2:10. காவேரிப்பட்டணத்தைச் சுற்றியுள்ள மொட்டைப் பாறைக் குன்றுகளில் ஒன்றின் மேற்குச் சரிவிலிருந்து புறப்பட்ட பாராகிளைடர் (ஆளைத் தாங்கிப் பறக்கும் துணி இறக்கை), ஒன்றேகால் நிமிடத்துக்குள் அடிவார மாந்தோப்பில் விழுந்தது. பறந்தவருக்கு வலது கணுக்காலில் சுளுக்கு, முன்கைகளில் சிராய்ப்பு. அவசரத்துக்கு வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட் திறந்ததால் உயிர் தப்பினார்.

பயிற்சி வகுப்பில் அலசுவதற்காகக் கோத்த நிகழ்வு இது. குறுங்குன்றுகளில் திரும்பத் திரும்ப ஒரே வரிசையில் வரும் தவறுகளை ஒரு பறப்பாக ஆக்கியிருக்கிறோம். அதனால் குன்றுக்கும் ஆளுக்கும் பெயர் இல்லை. எண்கள் இந்த வட்டாரத்தின் உயரம், வெப்பம், பாராகிளைடரின் இயல்பு ஆகியவற்றுக்குப் பொருந்தும்படி கணக்கிட்டவை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வானில் நடந்தது கடைசி ஒரு நிமிடம்தான். கால் தரையை விட்டு எழும் முன்பே இந்த விபத்துக்கான எல்லாம் கூடிவிட்டன.

இடமும் நேரமும்

அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர், உச்சி 690 மீட்டர். ஆக, கையில் இருக்கும் உயரம் 190 மீட்டர் மட்டுமே. இமாச்சலத்தின் பீர்-பில்லிங்கில் புறப்படும் இடம் சுமார் 2,400 மீட்டரிலும் இறங்கும் இடம் அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழேயும் இருக்கின்றன. அங்கே ஒருவர் தவறு செய்து, திருத்தி, மூச்சு விட்டு, மறுபடி தவறு செய்யவும் உயரம் மிச்சமிருக்கும். நம் குன்றுகளில் அது கிடையாது. அமைதியான காற்றில் நொடிக்கு 1.2 மீட்டர் இறங்கும் சாதாரண இறக்கத்திலேயே 190 மீட்டர் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

குன்று வடக்கு தெற்காக நீண்டது. மேற்குச் சரிவில் பாதி உயரம் வரை மண் பாதை ஏறுகிறது, அங்கிருந்து பத்து நிமிட நடை. கிழக்குச் சரிவில் புறப்பட நல்ல திறந்த இடம் இருந்தாலும் 14 கிலோ மூட்டையோடு 35 நிமிடம் சுற்றி ஏற வேண்டும். மேற்குப் பக்கத்தைத் தேர்ந்ததற்கு இந்தப் பாதையைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. காற்றைப் பார்த்துச் சரிவைத் தேர்வதற்குப் பதிலாகப் பாதையைப் பார்த்துச் சரிவைத் தேர்ந்தார்கள். தவறுகளின் சங்கிலியில் முதல் கண்ணி அது.

அன்று மேல்காற்று கிழக்கிலிருந்து மணிக்கு 18 கிலோமீட்டர். உச்சியைக் கடக்கும்போது காற்று நெருக்கப்பட்டு வேகம் கூடும், முகட்டில் 24, 25 கிலோமீட்டர் வரை இருந்திருக்கும். தரை வெப்பம் 36 டிகிரி. நம் வட்டாரத்தில் மார்ச் நடுவில் சூரியன் உச்சிக்கு வருவது 12:25 வாக்கில். பிற்பகல் 2 மணிக்கு மேற்குப் பாறை முகம் வெயிலை நேராக வாங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். கருங்கல் சூடானால் அதை ஒட்டிய காற்று சரிவோடு மேலேறும்.

கருவிகள்

ஈஎன் பி சான்று பெற்ற பாராகிளைடர் (ஐரோப்பியத் தரநிலையில் ஏ முதல் டி வரை வகைகள், ஏ மிகவும் அடக்கமானது), சான்றளித்த எடை வரம்பு 80 முதல் 100 கிலோ. பறந்தவரின் உடல் எடை 64, உடையும் பூட்ஸும் 3, கிளைடர் 5, ஹார்னஸும் (உட்காரும் பட்டைக்கட்டு) ரிசர்வும் 6, ஹெல்மெட், வேரியோ (ஏற்ற இறக்கம் காட்டும் கருவி), வாக்கி-டாக்கி, தண்ணீர் சேர்ந்து 3. மொத்தம் 81 கிலோ. வரம்புக்குள் இருக்கிறது, எனவே தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் வரம்பின் அடியில் பறக்கும்போது துணியின் உள் அழுத்தம் குறைவு, மேலிருந்து காற்று அடித்தால் எளிதில் மடியும். பிற்பகல் தெர்மலில், அதாவது சூடாகி மேலேறும் காற்றில், பறப்பவர் வரம்பின் நடுவுக்கு மேலே இருக்கும் அளவைத் தேர்வதே நல்லது. இந்த ஆளுக்கு ஒரு அளவு சிறிய கிளைடர் பொருந்தியிருக்கும்.

காற்றின் அடர்த்தியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 700 மீட்டர் உயரத்தில் 36 டிகிரியில் காற்று, கடல் மட்டத்துத் தரக் காற்றைவிட ஏறத்தாழ 14 சதவீதம் மெலிந்திருக்கும். அதே தூக்கு விசைக்கு வேகம் 8 சதவீதம் கூட வேண்டும். கடல் மட்டத்தில் மணிக்கு 37 கிலோமீட்டரில் பறப்பது இங்கே 40இல் பறக்கும். புறப்பட இரண்டு எட்டு கூடுதலாக ஓட வேண்டும், இறங்கும்போது தரை வேகமாக வரும். குளிர்காலக் காலையில் மட்டுமே பறந்து பழகியவருக்கு மார்ச் மாதத்தில் இது புதிதாகத் தோன்றும்.

பறப்பின் வரிசை

மணி 1:45க்குக் கிளைடர் விரிக்கப்பட்டது. புறப்படும் இடத்தில் கம்பத்தில் ஒரு காற்றுப்பை, காற்றின் திசை காட்டும் துணிக்குழாய். அது மூன்று நிமிடம் போல மேற்கிலிருந்து 10, 12 கிலோமீட்டர் காட்டும், பிறகு தொங்கும், பிறகு சில நொடி எதிர்ப்பக்கமாகத் திரும்பி மறுபடி மேற்குக்கு வரும். இருபத்தைந்து நிமிடத்தில் இப்படி இரண்டு முறை பின்பக்கம் திரும்பியது. பறந்தவர் அதை 'இடைவெளி' என்று எடுத்துக்கொண்டு, அடுத்த நல்ல வீச்சுக்குக் காத்திருந்தார்.

2:10க்கு வீச்சு வந்தது. கிளைடரைப் பார்த்தபடி எழுப்பி, திரும்பி, நான்கு எட்டில் காற்றில் ஏறினார். புறப்பாடு அழகாகவே அமைந்தது.

முதல் 20 நொடி வேரியோ நொடிக்கு 2.5 மீட்டர் ஏற்றம் காட்டியது. புறப்பட்ட இடத்துக்கு மேலே 50 மீட்டர். அங்கே ஏற்றம் சட்டென அறுந்து, நொடிக்கு 3.5 மீட்டர் இறக்கம் ஆனது. இழந்த ஏற்றத்தைத் தேடி, சமவெளிக்கு வெளியேறாமல் வலப்பக்கம் திரும்பிக் குன்றை ஒட்டி வடக்கே போனார். இறக்கம் விடவில்லை. இறக்கையின் முன்விளிம்பு இரண்டு முறை தளர்ந்து இறுகியது, இறக்கையின் பின்விளிம்பை இழுக்கும் பிரேக் கைப்பிடிகளில் கனம் இல்லாமல் போனது.

60ஆம் நொடி வாக்கில், தரையிலிருந்து 85 மீட்டர் உயரத்தில், குன்றுப் பக்கமான வலது பாதி மடிந்தது. இறக்கையின் பாதிக்குச் சற்று மேல். கிளைடர் பாறையை நோக்கி வலப்பக்கம் திரும்பத் தொடங்கியதும், அதை நிறுத்த இடது பிரேக்கை இடுப்புக்குக் கீழே வரை இழுத்தார். திறந்திருந்த இடது பாதியும் ஸ்டால் ஆகி, அதாவது தூக்கு விசை இழந்து, பின்னோக்கிப் போனது. கிளைடர் இடப்பக்கம் சுழன்றது. ஒன்றரைச் சுற்றில் 25 மீட்டர் போய்விட்டது. 60 மீட்டரில் ரிசர்வ் கைப்பிடியைப் பிடித்து எறிந்தார். 30 மீட்டரில் அது முழுதாகத் திறந்தது. ஐந்தாறு நொடியில் மா மரத்தின் மேல் விழுந்து, தரையிலிருந்து நான்கு மீட்டரில் தொங்கினார்.

காற்றுப்பை காட்டிய மேற்குக் காற்று எங்கிருந்து வந்தது

உண்மையான காற்று கிழக்கிலிருந்து வந்து முகட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மேற்குச் சரிவு அதன் மறைவுப் பக்கம். அங்கே சூடான பாறை தன் காற்றை மேலே அனுப்ப, அந்த இடத்தை நிரப்ப அடிவாரக் காற்று சரிவேறி வந்தது. காற்றுப்பை பிடித்தது இந்த உறிஞ்சலைத்தான். அதற்கு 50 மீட்டர் மேலே கிழக்குக் காற்று முகட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. ஏறும் காற்றும் விழும் காற்றும் உரசும் அந்த எல்லையில் எந்தக் கிளைடரும் ஒழுங்காக நிற்காது. சான்று ஏ ஆனாலும் சரி, பறப்பவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் சரி.

இந்தச் சுருள், அதாவது ரோட்டர், குன்றின் உயரத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு தொலைவு வரை நீளக்கூடும். 190 மீட்டர் குன்றுக்கு அது ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் முதல் 1.3 கிலோமீட்டர் வரை. ஆகவே 'கொஞ்சம் வெளியே போனால் சரியாகிவிடும்' என்று மறைவுப் பக்கத்தில் புறப்படுவதும் தப்புக் கணக்கே.

இதைத் தரையிலேயே கண்டுபிடித்திருக்க முடியும். முதலில், காற்றுப்பை பின்பக்கம் திரும்பியது. காற்றை எதிர்கொள்ளும் சரிவில் வீச்சு தளரும், தொங்கும், ஆனால் முதுகுப் பக்கமிருந்து வராது. ஒரு முறை பின்னாலிருந்து வந்தாலே காரணம் தெரியும் வரை ஹார்னஸைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு முறை வந்த பிறகும் காத்திருந்தது புறப்பாட்டுக்காக என்பதுதான் இந்த ஆய்வில் எங்களை அதிகம் வருத்தும் இடம்.

அடுத்தது செங்கல் சூளை. குன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மேற்கே, ரோட்டர் எட்டாத தொலைவில், சூளைப் புகை மேற்கு நோக்கிச் சாய்ந்திருந்தது. புகை மேற்கே போகிறது என்றால் காற்று கிழக்கிலிருந்து. நூறு மீட்டர் உயரத்துப் புகை சொல்வதை நான்கு மீட்டர் கம்பத்துத் துணி மறுத்தால், புகையை நம்ப வேண்டும். பாலக்கோடு பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைப் புகையும் இதே வேலைக்கு உதவும். கிருஷ்ணகிரி அணை கண்ணுக்கு எட்டும் குன்றுகளில் நீர்ப்பரப்பைப் பார்க்கலாம்: எந்தக் கரையோரம் நீர் அலையில்லாமல் பட்டையாகத் தெரிகிறதோ அந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது. வட்டமிடும் பருந்து எந்தத் திசையில் நகர்ந்துகொண்டே ஏறுகிறது, மேக நிழல் வயலில் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவையும் மேல்காற்றையே சொல்கின்றன.

மூன்றாவது, முகட்டுக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை. புறப்படும் இடத்திலிருந்து முகடு ஐந்து நிமிடம். அங்கே நின்றிருந்தால் கிழக்குக் காற்று முகத்தில் அடித்திருக்கும். இரண்டாவது காற்றுப்பையை முகட்டில் நட்டுவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. ஒரு மூங்கில் கழி, ஒரு மீட்டர் ரிப்பன், இவ்வளவே செலவு.

இறங்கும் வயலில் வாக்கி-டாக்கியோடு ஓர் இளைஞர் நின்றிருந்தார். சூளைப் புகை சாய்வது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. மேலிருந்து யாரும் கேட்கவில்லை. மூத்தவர் ஒருவர் புறப்படத் தயாராகும்போது, 'அண்ணன் பார்த்திருப்பார்' என்று இளையவர் வாய் திறக்காமல் இருப்பது நம் ஊர் வழக்கம். மரியாதை தவறில்லை, ஆனால் அதற்குள் தகவல் அமுங்கிப் போகக் கூடாது. அதனால் கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். புறப்படுமுன் மேலே இருப்பவர் கேட்கிறார்: "தம்பி, கீழே காற்று எந்தப் பக்கம், புகை எந்தப் பக்கம்?" பதில் வந்து, அது மேலே தெரிவதோடு ஒத்துப்போனால் மட்டுமே கிளைடர் எழும். ஒத்துப்போகவில்லை என்றால் இளையவரின் சொல்லுக்கு மூத்தவர் நின்றாக வேண்டும்.

வானில் எடுத்த முடிவுகள்

ஏற்றம் அறுந்து 3.5 மீட்டர் இறக்கம் வந்த கணத்தில் குன்றை விட்டு நேராக மேற்கே, கை மேலே வைத்து, பிரேக் இல்லாமல் கிடைக்கும் வேகத்தில் வெளியேறியிருக்க வேண்டும். 190 மீட்டர் குன்றில் பறப்பவர் ஏற்றத்தைத் தேடிப் பாறையை ஒட்டித் திரும்பலாம், காற்று நேராக அந்தச் சரிவில் அடிக்கும்போது மட்டும். வேகம் கூட்டும் மிதிபட்டையை இந்தக் கொந்தளிப்பில் அழுத்தக் கூடாது. அது தாக்குகோணத்தை, அதாவது இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தை, குறைப்பதால் மடிப்பு வேகமாக வரும்.

பாதி மடிந்தால் செய்ய வேண்டியது, இந்த வரிசையில்: உடல் எடையைத் திறந்திருக்கும் பக்கம் சாய்ப்பது, அந்தப் பக்கத்துப் பிரேக்கைத் திசை நிற்கும் அளவுக்கு மட்டும், பெரும்பாலும் தோள் உயரம் வரை, பிடிப்பது, திசை நின்ற பிறகே மடிந்த பக்கத்தை ஒரு நீண்ட இழுப்பால் திறப்பது. முழு இறக்கை சுமக்கும் எடையை இப்போது பாதி இறக்கை சுமக்கிறது. அதன் ஸ்டால் எல்லை முன்னைவிட நெருக்கமாக வந்திருக்கும். வழக்கமான இழுப்பே அதற்கு அதிகம். பாறை நெருங்கும்போது கை தானாகக் கீழே போகும். பயம் கையை எந்தத் திசையில் கொண்டுபோகும் என்பதை நீர்நிலைக்கு மேலே, மீட்புப் படகோடு நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியில் பழகிப் பார்க்காமல் மாற்ற முடியாது.

சுழற்சி தொடங்கிய பின் அவர் எடுத்த முடிவு முழுக்கச் சரி. 85 மீட்டரில் சுழலும் கிளைடரை மீட்க முயலக் கூடாது. சுழற்சியில் நொடிக்கு 8 முதல் 10 மீட்டர் போகும். கையிலிருப்பது எட்டு முதல் பத்து நொடி. ரிசர்வைப் பிடித்து எறிந்து அது விரிய மூன்று, நான்கு நொடி. மீட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் இந்த மிச்சத்திலிருந்துதான் போகும். கைப்பிடியைக் கண்ணால் பார், பிடி, இழு, காலியான வானத்தை நோக்கிப் பலமாக எறி. எறியாமல் கைவிட்டால் சுழலும் நூல்களில் ரிசர்வ் சிக்கும். திறந்த பின் முதன்மை இறக்கையைப் பின் ரைசர்களாலோ (நூல்களை ஹார்னஸோடு இணைக்கும் பட்டைகள்) பிரேக்காலோ தன்னை நோக்கி இழுத்துச் செயலிழக்கச் செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டும் எதிரெதிரே இழுத்து இறக்கம் வேகமாகும். இங்கே அதற்கு நேரம் போதவில்லை.

ரிசர்வின் தரநிலை, அதிகபட்ச எடையில் நொடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்கிறது. நம் வெப்பத்திலும் உயரத்திலும் அது 5.9 ஆகும். ஆறடிக்குச் சற்றுக் குறைந்த சுவரிலிருந்து குதித்தால் தரையில் படும் வேகம் அது. 100 கிலோ ரிசர்வில் 81 கிலோ தொங்கியதால் இவர் இறங்கியது 5.3 அளவில். கிளைடரில் பாதகமாக இருந்த குறைந்த எடை, ரிசர்வில் சாதகமானது. இதைச் சான்றாகக் காட்டி 'லேசாகப் பறப்பது பாதுகாப்பு' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

மாந்தோப்பில்

மரத்தில் விழப்போவது உறுதியானால் கால்களைச் சேர்த்து, முழங்காலைச் சற்று மடித்து, முன்கைகளால் முகத்தையும் கழுத்தையும் மறைக்க வேண்டும். இவர் அப்படியே செய்தார், சிராய்ப்பு முன்கையோடு நின்றது. வலது கால் மட்டும் தனியே ஒரு கவட்டையில் மாட்டியது.

தொங்கும்போது செய்யக் கூடாதது ஒன்று: ஹார்னஸைக் கழற்றுவது. கிளை முறிந்து நான்கு மீட்டர் விழுந்தால் அதுவரை தப்பியதெல்லாம் வீண். முதலில் ஒரு சிறு கயிற்றால் தன்னை அடிமரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். ஹார்னஸ் பையில் 30 மீட்டர் மெல்லிய நூல், ஒரு காரபினர் (கயிற்றை மாட்டும் பூட்டு வளையம்), ஒரு விசில் இருந்தால் போதும். நூலைக் கீழே விட்டால் கீழே இருப்பவர் தடித்த கயிற்றைக் கட்டி அனுப்புவார். தோப்புக்காரர் ஏணியோடு வந்தது இங்கே உதவியது. பறிப்புக் காலத்துக்கு முன் கிளைகளில் பிஞ்சு இருக்கும். உதிர்ந்த பிஞ்சுக்கும் முறிந்த கிளைக்கும் அன்றே பேசி ஈடு கொடுப்பது மரியாதை, அடுத்த முறை அந்தப் பக்கம் பறக்கவும் அதுவே வழி.

அதே தோப்பின் ஓரத்தில் கிணற்று மோட்டாருக்குப் போகும் மின்கம்பி இருந்தது. அதில் துணியோ நூலோ பட்டிருந்தால் கதை வேறு. மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்யும் வரை யாரும் கிளைடரையும் மரத்தையும் தொடக் கூடாது. வட்டார மின்வாரிய அலுவலக எண்ணைப் பறக்கும் நாளுக்கு முன்பே குறித்து வைக்க வேண்டும்.

முதுகில் அடிபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் ஆளை நிமிர்த்தவோ நடக்க வைக்கவோ கூடாது. பாராகிளைடிங்கில் அதிகம் நொறுங்குவது மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் சேரும் இடம், அடுத்தது கணுக்கால். 108க்கு அழைத்து, தோப்புக்கு வரும் வழியை அடையாளத்தோடு சொல்லி, ஓர் ஆளைச் சாலையில் நிறுத்த வேண்டும். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எந்தக் குன்றிலிருந்து எது அருகில் என்பதைக் காலையிலேயே தெரிந்து வைக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு எங்கள் பரிந்துரை

250 மீட்டருக்குக் குறைந்த குன்றுகளில் மார்ச் முதல் மே வரை காலை 9:30க்கு மேல் மாலை 4:30 வரை பறக்க வேண்டாம். புறப்படும் வீச்சு நன்றாக இருப்பது அந்த நேரத்தில் சான்றாகாது. ஏப்ரல், மே மாதங்களில் மாலையும் முழுப் பாதுகாப்பில்லை. கோடை மழைக்கு முன் வரும் புழுதிக்காற்று இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவு மேகத்திலிருந்தும் வந்து சேரும். தென்மேற்குப் பருவத்தில் மேற்குக் காற்று நிலையாக இருக்கும், அப்போது இதே மேற்குச் சரிவு காற்றை எதிர்கொள்ளும் பக்கமாகிவிடும். ஆனால் பல நாள் வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டும், அந்நாளில் கிளைடரை விரிக்கவே கூடாது.

இராயக்கோட்டை, கிருஷ்ணகிரிக் கோட்டை மலைகள் பார்க்கப் பொருத்தமாகத் தெரிந்தாலும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் காப்புக்காடும் யானைத்தடமும். ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது, அதற்கப்பால் பெங்களூரின் வான்பரப்பு. இந்த மூன்றையும் ஒதுக்கிய பிறகு மிஞ்சும் குன்றுகளில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு இறங்கும் வயல் அமைந்ததை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கிளைடரையும் ரிசர்வையும் மறுபடி பறக்க வைப்பது

மரத்திலிருந்து துணியை இழுத்து எடுக்கக் கூடாது. ரைசரிலிருந்து நூல்களைப் பிரித்து, கிளையை ஒவ்வொன்றாக விலக்கி எடுக்க வேண்டும். இங்கே 40 நிமிடம் ஆனது. இரண்டு நூல் உறை கிழிந்து உள்ளிழை தெரிந்தது. அதே வகை, அதே நீளத்தில் மாற்ற வேண்டும், முடிச்சுப் போட்டுப் பறக்கக் கூடாது. துணியில் மாம்பால் பட்ட இடங்களைக் காயும் முன்பே வெறும் தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். சோப்பும் மண்ணெண்ணெயும் துணியின் பூச்சைக் கெடுக்கும். தையலிலிருந்து தள்ளியிருக்கும் சிறு கிழிசலை, மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துணியால் இரு பக்கமும் ஒட்டலாம். தையல் மேலோ நூல் கட்டும் இடத்திலோ கிழிந்தால் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். அனைத்து நூல்களின் நீளத்தையும் அளந்த பிறகே அடுத்த பறப்பு.

ரிசர்வின் ரப்பர் பட்டைகள் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் கிடந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். இந்த ரிசர்வ் அதற்கு முந்தைய டிசம்பரில்தான் மடித்துக் கட்டப்பட்டிருந்தது, அதனால் தடையின்றி விரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரித்துக் காற்றாட விட்டு மடியுங்கள். கைப்பிடியின் வெல்க்ரோவை மாதம் ஒரு முறை பிரித்து ஒட்டுங்கள், நாள்பட்டால் அது இறுகி ஒரு கையால் பிரியாது. எறிந்து திறந்த ரிசர்வை நிழலில் முழுதாக உலர்த்தி, நூல்களையும் வளையங்களையும் சரிபார்த்து, பயிற்சி பெற்றவரிடம் கொடுத்து மடிக்க வேண்டும்.